ஏர்போர்ட்டில் எடுபிடி வேலை பார்த்து விமானம் ஓட்டக் கற்பது எப்படி?

அமெரிக்காவில் பெரிய ஏர்போர்ட்டுகளைத் தவிர, ஊருக்கு ஊர் சின்ன விமானத் திடல்களும் உண்டு. அங்கே நிற்பதெல்லாம் செஸ்னா, பைப்பர் மாதிரி குட்டி விமானங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கே விமானம் கழுவி, எரிபொருள் போட்டு, அந்தக் காசில் பறக்கக் கற்பது பழைய வழக்கம். நீல் ஆம்ஸ்ட்ராங் ஒஹையோ மாநிலத்தில் மருந்துக் கடை வேலைக்குப் போனதும் இதற்காகத்தான். கூலி மணிக்கு 40 சென்ட், பறக்கும் பாடம் மணிக்கு 9 டாலர். 1946-இல், 16 வயது நிறைந்த அன்றே மாணவ விமானி சான்றிதழ் வாங்கிவிட்டார்.

அங்கே வாழும் நம் பிள்ளைகளும் இதைச் செய்யலாம். ஆனால் எஃப்-1, எம்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் அனுமதி இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. "சம்பளம் வேண்டாம், பாடம் மட்டும் போதும்" என்றாலும் அதுவும் கூலிதான். கிரீன் கார்டு உள்ளவர்கள் வேலை செய்யலாம். பறக்கும் பயிற்சிக்கு மட்டும் முதலில் டிஎஸ்ஏ என்ற போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும்.

1. நேரில் போங்கள்

ஒவ்வொரு திடலிலும் எரிபொருள் விற்று, விமானம் நிறுத்த இடம் கொடுக்கும் நிறுவனம் ஒன்று இருக்கும். எஃப்பிஓ என்பார்கள். அங்கே போய், "லைன் சர்வீஸுக்கு ஆள் வேண்டுமா?" என்று கேளுங்கள். வரும் விமானத்துக்கு இடம் காட்டுவது, கட்டிப் போடுவது, எரிபொருள் நிரப்புவது எல்லாம் அந்த வேலையில் அடக்கம். 18 வயது ஆகவில்லை என்றால் எரிபொருள் பக்கம் விடத் தயங்குவார்கள். பரவாயில்லை, விமானம் கழுவுவது, ஹேங்கர் என்ற விமானக் கொட்டகையைப் பெருக்குவது, போன் எடுப்பது என்று ஆரம்பிக்கலாம்.

என்னைக் கேட்டால், ஒரு டாலர் குறைந்தாலும் விமானத்துக்குப் பக்கத்தில் நிற்கும் வேலையே மேல். பக்கத்து சீட் காலியாக இருக்கும் விமானி, தினம் பார்க்கும் பையனைத்தான் "வர்றியா?" என்று கூப்பிடுவார்.

2. கை வைக்கும் முன் கற்க வேண்டியவை

இதை அவசரமாகத் தாண்டாதீர்கள். முதலில் புரொப்பெல்லர். சாவியை எடுத்துவிட்டாலும், என்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் எர்த் வயர் அறுந்திருந்தால், புரொப்பெல்லரைக் கையால் லேசாகத் திருப்பினாலே என்ஜின் உயிர் பெறலாம். புரொப்பெல்லர் சுழலும் வட்டத்துக்குள் எப்போதும் நிற்காதீர்கள். விமானத்தை இழுத்து முடித்ததும், இழுக்க மாட்டிய டோ பார் என்ற கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

எரிபொருளில் இரண்டு வகை. பிஸ்டன் என்ஜினுக்கு 100 எல்எல் என்ற விமானப் பெட்ரோல். நீல நிறம், சிவப்பு லேபிள். டர்பைனுக்கு ஜெட் ஏ. நிறமற்றது அல்லது வைக்கோல் நிறம், கறுப்பு லேபிள். பிஸ்டன் விமானத்தில் ஜெட் ஏ போட்டுவிட்டால், குழாயில் மிச்சமிருக்கும் நல்ல எரிபொருளில் என்ஜின் ஒழுங்காகவே ஓடும். மேலே கிளம்பிய பிறகுதான் நிற்கும். சந்தேகம் வந்தால் விமானியைக் கேளுங்கள். நிரப்பும் முன் எர்த் கம்பியை மாட்ட மறக்க வேண்டாம்.

கழுவும்போது முன்கண்ணாடி மேல் கவனம். அது கண்ணாடியே இல்லை, அக்ரிலிக். வீட்டில் ஜன்னல் துடைக்கும் அமோனியா கலந்த திரவம் பட்டால் நுண்ணிய விரிசல் விழும். நிறையத் தண்ணீர் விட்டு, மெல்லிய துணியால் மேலும் கீழுமாகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

காற்றழுத்தம் அளக்கும் சின்னத் துளைகளைத் தண்ணீர் போகாமல் மூடினால், வேலை முடிந்ததும் திறந்தாக வேண்டும். 1996 அக்டோபரில் பெரு நாட்டின் ஏரோபெரு 603 விமானத்தைச் சுத்தம் செய்தவர்கள், ஸ்டாட்டிக் துளைகள் எனப்படும் இந்தத் துளைகளில் ஒட்டிய டேப்பை எடுக்கவில்லை. உயரமும் வேகமும் தவறாகக் காட்ட, அந்த போயிங் 757 லிமாவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. 70 பேரும் இறந்தார்கள். ஒட்டும்போதே எத்தனை டேப் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

3. காசைச் சேர்த்த பிறகு பறங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். சம்பளம் வந்ததும் ஒரு மணி நேரம் பறப்பார்கள், அப்புறம் மாதம் முழுக்கக் காத்திருப்பார்கள். அதற்குள் பழகியது பாதி மறந்துபோகும். அடுத்த பாடத்தில் பழைய பாடத்துக்கே மறுபடி காசு கட்ட வேண்டும். சட்டப்படி தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம், அதில் 20 மணியாவது ஆசிரியருடன். சான்றளிக்கப்பட்ட சில பள்ளிகளில் 35 போதும். பெரும்பாலோருக்கு இதைவிடக் கூடவே ஆகும். இடைவெளி விட்டால் இன்னும் ஏறும். அதனால் பாதித் தொகையாவது சேரும்வரை பொறுத்து, பிறகு வாரம் இரண்டு மூன்று முறை பறங்கள்.

4. சேர்க்கும் காலத்தில் செய்ய வேண்டியவை

இந்த உரிமத்துக்கு என்ஜின் விமானத்தில் கற்பவர்கள், மூன்றாம் வகை மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் பொதுவாகத் தனியாகப் பறக்க முடியாது. நிற வேறுபாடு தெரிவதில் சிக்கல், தொடர்ந்து மருந்து என்று ஏதாவது இருந்தால், விண்ணப்பம் போடும் முன்பே விமானத் துறை மருத்துவரிடம் பேசிவிடுங்கள். ஒருமுறை நிராகரித்தால் அது பதிவில் நிற்கும்.

எழுத்துத் தேர்வுக்கு 60 கேள்விகள், தேற 70 சதவீதம். அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ தன் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. தேர்ச்சி 24 மாதம்தான் செல்லும் என்பதால் பறக்கக் காசு சேரும் சமயம் பார்த்து எழுதுங்கள். 8 முதல் 17 வயதுக்குள் என்றால் இஏஏ என்ற விமான ஆர்வலர் அமைப்பின் யங் ஈகிள்ஸ் திட்டத்தில் ஒருமுறை இலவசமாகப் பறக்கலாம். அதன்பின் ஆன்லைன் பாடமும் சும்மாவே கிடைக்கும்.

என்ஜின் விமானத்தில் தனியாகப் பறக்க 16 வயது, உரிமத்துக்கு 17. என்ஜின் இல்லாத கிளைடரில் 14 வயதிலேயே தனியாகப் பறக்கலாம், மருத்துவச் சான்றிதழும் கேட்க மாட்டார்கள். கிளைடர் கிளப்புகளில் இறக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடவும், இழுவைக் கயிறு மாட்டவும் எப்போதும் ஆள் தேவைப்படும்.

5. பண்டமாற்று என்றால் எழுதி வாங்குங்கள்

"பத்து விமானம் கழுவு, ஒரு மணி நேரம் கற்றுத்தருகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஒரு மணி ஆசிரியருக்கு மட்டுமா, விமான வாடகையும் சேர்த்தா என்று முதலிலேயே கேளுங்கள். செலவில் பெரும்பங்கு வாடகைதான். வேலை நேரத்தைத் தேதி போட்டு எழுதி, வாராவாரம் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கூலிக்குப் பதில் கிடைக்கும் பாடத்தையும் அதன் சந்தை மதிப்பில் வருமானமாகத்தான் அமெரிக்க வரித்துறை பார்க்கிறது. வரிக் கணக்குப் போடும்போது அந்த நோட்டு மறுபடி தேவைப்படும்.