கேஸ் கிரில்லின் வெளிப்புறம்: கீறாமல், துருப்பிடிக்காமல் சுத்தம் செய்வது எப்படி?

கனடாவில் மே மாத விக்டோரியா டே விடுமுறை வந்தால் பின்கட்டில் கிரில்லின் கவரை உருவி எடுப்போம். ஆறு மாதமாக மூடிக் கிடந்த மூடியில் மங்கல், அங்கங்கே பழுப்புப் புள்ளி, ஓரத்தில் காய்ந்த எண்ணெய். உடனே கைக்குக் கிடைத்த கம்பி நாரை எடுத்துத் தேய்க்கத் தோன்றும். தயவுசெய்து அதைக் கீழே வைத்துவிடுங்கள். கிரில்லின் வெளிப்புறத்தை அழுக்கு கெடுப்பதைவிடத் தப்பான தேய்ப்பும் தப்பான மருந்தும்தான் அதிகம் கெடுக்கின்றன. அழுக்கைப் பிறகுகூடக் கழுவிக்கொள்ளலாம். கீறல் விழுந்தால் விழுந்ததுதான்.

முதல்முறையாகச் செய்பவர்களுக்காக ஒவ்வொரு படியாக எழுதுகிறேன். அரை நாள் ஒதுக்கினால் போதும்.

படி 1: கேஸை மூடுங்கள், கிரில் ஆறட்டும்

எல்லாக் குமிழ்களையும் அணைத்துவிட்டு சிலிண்டர் வால்வையும் இறுக்க மூடுங்கள். கிரில் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். கை வைத்தால் லேசான வெதுவெதுப்பு இருக்கலாம், பிசுக்கு சுலபமாக இளகும். அதற்கு மேல் சூடு வேண்டாம். சூடான எவர்சில்வரில் சோப்பு நீர் பட்டவுடன் காய்ந்து வெள்ளைத் திட்டாகிவிடும். எனாமல் மூடி சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசலே விழலாம்.

படி 2: எது எதனால் ஆனது என்று பாருங்கள்

நிறையப் பேர் தாண்டிப் போகிற படி இது. நான் முக்கியமாக நினைப்பதும் இதைத்தான். ஒரே கிரில்லில் மூன்று நான்கு வகை மேற்பரப்புகள் இருக்கும். மூடி எவர்சில்வராகவோ எனாமலாகவோ இருக்கலாம். மூடியின் இரண்டு பக்கமும் கீழ்ப்பெட்டியும் பெரும்பாலும் வார்ப்பு அலுமினியம். அலமாரிக் கதவும் கால்களும் பெயிண்ட் பூசிய இரும்புத் தகடு. குமிழ்கள் பிளாஸ்டிக். ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்கு ஆகாது.

எவர்சில்வரிலும் இரண்டு ரகம் உண்டு. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து வாருங்கள். மூடியின் தட்டையான பகுதியில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது பெரும்பாலும் 304 ரகம். அதில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருக்கும். நன்றாக ஒட்டினால் 430 போன்ற ரகம். அதில் குரோமியம் உண்டு, நிக்கல் கிட்டத்தட்ட இல்லை, அதனால் துரு சீக்கிரம் எட்டிப் பார்க்கும். வளைவுகளில் காந்தத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். தகட்டை வளைத்த இடத்தில் 304 ரகமும் லேசாக ஒட்டும். விலை குறைந்த கிரில்களில் 430தான் அதிகம். அதில் தவறில்லை, கொஞ்சம் அதிகம் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எவர்சில்வரைத் துருவிலிருந்து காப்பது அதன் மேலே தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. கீறினாலும் காற்றுப் பட்டதும் மறுபடி உருவாகிவிடும். அதற்குப் பெரிய எதிரி உப்பு. உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துச் சின்னச் சின்னக் குழிகளை உண்டாக்கும். பிளீச்சிலும் நீச்சல் குள மருந்திலும் இருப்பதும் அதே குடும்பம். இந்த ஒன்றை மனதில் வைத்தால் கீழே சொல்லும் பாதி விஷயங்கள் தானாகவே புரிந்துவிடும்.

படி 3: பொருட்கள்

- இரண்டு வாளி: ஒன்றில் வெதுவெதுப்பான நீரும் ஒன்றிரண்டு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பும், இன்னொன்றில் நல்ல நீர்
- மென்மையான ஸ்பாஞ்ச், மூன்று நான்கு மைக்ரோஃபைபர் துணி
- வெள்ளை வினிகர், பேக்கிங் சோடா
- பழைய பல் துலக்கும் பிரஷ்
- மினரல் ஆயில் ஒரு சிறிய பாட்டில் (மருந்துக்கடையில் கிடைக்கும்)

கம்பி நார், இரும்பு பிரஷ், பச்சை ஸ்க்ரப், பிளீச், ஓவன் கிளீனர் எதுவும் பக்கத்தில் இருக்க வேண்டாம். கம்பி நார் கீறுவதோடு நிற்காது. அதன் இரும்புத் துகள்கள் எவர்சில்வரில் பதிந்து, நாலு நாளில் துருப் புள்ளியாகத் தெரியும். பார்ப்பவர்கள் கிரில்லே துருப்பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள். துருப்பிடித்தது அந்தத் துகள்தான்.

படி 4: முதல் கழுவல்

எல்லா மேற்பரப்புக்கும் இது பொது. முதலில் ஈரத்துணியால் தூசியை ஒற்றி எடுங்கள். மணல் துகளோடு தேய்த்தால் கோடு விழும். பிறகு சோப்பு நீரில் நனைத்த ஸ்பாஞ்சால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். காய்ந்த எண்ணெய் இருக்கும் இடத்தில் சோப்பு நீரில் நனைத்த துணியை ஐந்து பத்து நிமிடம் போர்த்தி வைத்தால் பலம் போட வேண்டிய தேவையே இருக்காது. அப்புறம் நல்ல நீரில் நனைத்த துணியால் சோப்பை எடுத்துவிட்டு உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். தானாகக் காயட்டும் என்று விட்டால் நீர்த்திட்டு தங்கும்.

பவர் வாஷர் இருக்கிறதே, அதால் அடித்துவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். நீர் பர்னர் குழாய்க்குள்ளும் குமிழுக்குப் பின்னாலும் போய் நிற்கும்.

படி 5: எவர்சில்வர் மூடி

வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரே திசையில் மெல்லிய வரிகள் ஓடும், பெரும்பாலும் இடமிருந்து வலமாக. எப்போதும் அந்த வரியோடு சேர்த்தே துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் அந்த வட்டங்கள் வெயிலில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

சோப்பில் போகாத கறைக்கு, பேக்கிங் சோடாவில் சில துளி நீர் விட்டுக் குழைத்துத் தடவுங்கள். பத்து நிமிடம் கழித்து வரியோடு மெதுவாகத் துடைத்து எடுங்கள். நீர்த்திட்டுக்கு வினிகரும் நீரும் சமபங்கு கலந்து துடைத்து, நல்ல நீரால் மறுபடி துடையுங்கள்.

பழுப்புத் துருப் புள்ளிக்கும், மூடியின் பின்பக்கம் தெரியும் பொன்மஞ்சள், நீல நிறத்துக்கும் ஆக்ஸாலிக் அமிலம் கலந்த கிளீனர் வேண்டும். அமெரிக்காவில் 1882 முதல் விற்கும் பார் கீப்பர்ஸ் ஃப்ரெண்ட் கனடாவிலும் கிடைக்கிறது. கையுறை போட்டு, ஈரத் துணியில் கொஞ்சம் எடுத்து, வரியோடு லேசாகத் தேய்த்து, ஒரு நிமிடத்துக்குள் கழுவிவிடுங்கள். எவர்சில்வர் தவிர வேறு எதிலும் படவிட வேண்டாம். இதையோ வினிகரையோ ஒருபோதும் பிளீச்சுடன் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். அது உயிருக்கு ஆபத்து.

அந்த நிறமாற்றம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தகடு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும்போது ஆக்சைடு படலம் தடிக்கிறது. அதனால் முதலில் மஞ்சளும், சூடு இன்னும் ஏறினால் ஊதாவும் நீலமும் தெரியும். அது அழுக்கு அல்ல, கிரில் கெட்டுப்போனதற்கு அடையாளமும் அல்ல. எடுத்தாலும் அடுத்த பார்பிக்யூவில் திரும்ப வரும். நான் அதை அப்படியே விட்டுவிடச் சொல்வேன்.

கடைசியாக, துணியில் நாலைந்து துளி மினரல் ஆயில் விட்டு வரியோடு பூசி, இன்னொரு துணியால் முழுவதும் துடைத்து எடுங்கள். விரல் ரேகை குறையும், நீர் ஒட்டாது. வீட்டில் இருக்கிறதே என்று நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ பூச வேண்டாம். சூட்டில் அது பிசினாக இறுகி மஞ்சளாகிவிடும்.

படி 6: எனாமல் மூடி

எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் ஏறக்குறைய 800 டிகிரியில் உருக்கி ஒட்டிய கண்ணாடி. துருப்பிடிக்காது, நிறம் போகாது, சோப்பு நீரே போதும். ஆனால் அடி தாங்காது. ஊரில் பழைய எனாமல் தட்டில் சில்லுப் போன இடம் கறுத்துத் துருவேறுமே, அதே கதைதான். மூடியைப் படாரென்று சாத்தாதீர்கள். இடுக்கியை அதன் மேல் எறியாதீர்கள்.

சில்லு போயிருந்தால் அந்த இடத்துத் துருவை 220 எண் உப்புத்தாளால் மெதுவாக எடுத்து, ஆல்கஹாலில் துடைத்து, உலர்ந்ததும் அதிக வெப்பம் தாங்கும் கிரில் பெயிண்டை மெல்லியதாக இரண்டு முறை அடியுங்கள். சுற்றிலும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இது வெளிப்பக்கத்துக்கு மட்டும். உணவு இருக்கும் உட்பக்கத்தில் பெயிண்ட் அடிக்கக் கூடாது.

மூடியின் உட்பக்கம் கறுப்பாகச் செதில் செதிலாக உரிந்தால் பெயிண்ட் உதிர்கிறது என்று பயப்பட வேண்டாம். புகையும் கொழுப்பும் கரியாகிப் படிந்தது அது. சோப்பு நீரில் பிளாஸ்டிக் பிரஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள், சாப்பாட்டில் விழக் கூடாது.

படி 7: அலுமினியம், பெயிண்ட், குமிழ், பக்கத் தட்டு

அலுமினியத்தில் வெள்ளை மாவு மாதிரித் தெரிந்தால் அது ஆக்சைடு. சமபங்கு வினிகர் நீரால் துடைத்துக் கழுவி உலர்த்துங்கள். ஓவன் கிளீனரில் உள்ள காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும். பெயிண்டையும் குமிழைச் சுற்றியுள்ள எழுத்தையும் அழித்துவிடும். எந்தக் குமிழ் எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரியாத கிரில்லை வைத்துச் சமைப்பது பெரும் அவஸ்தை. அந்த எழுத்துகளின் மேல் சோப்பு நீரைத் தவிர வேறு எதையும் காட்டாதீர்கள்.

நம் வீட்டுக் கிரில்லுக்கென்றே ஒரு தனிப் பிரச்சினை உண்டு: மசாலா. மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு ஊறிய கோழியைப் பக்கத் தட்டில் வைத்துத்தான் ஒவ்வொன்றாக அடுக்குவோம். உப்பும் புளிப்பும் சேர்ந்த அந்தச் சாறு எவர்சில்வரில் இரவு முழுக்க நின்றால் கறை பதியும், நாளடைவில் குழியும் விழும். விருந்தாளிகள் கிளம்பிய கையோடு ஒரு ஈரத்துணி போட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் தட்டில் மஞ்சள் ஏறிவிட்டால் சோப்பு பட்டதும் சிவக்கும், விட்டுவிடுங்கள். கழுவி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் வைத்தால் மஞ்சளின் நிறம் தானே வெளுக்கும்.

படி 8: கவரும் குளிர்காலமும்

கவர் அவசியம், ஆனால் ஈரமான கிரில்லை மூடினால் அதே கவர் துருவை வளர்க்கும். கழுவி முடித்ததும், படி 9-இல் உள்ள கசிவுச் சோதனையைச் செய்துவிட்டு, பதினைந்து நிமிடம் குறைந்த தீயில் எரியவிட்டு, முழுக்க ஆறியபின் மூடுங்கள். மழை விட்ட வெயில் நாளில் கவரைக் கொஞ்ச நேரம் கழற்றி வையுங்கள்.

குளிர்காலத்தில் கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் கிரில் நின்றால் பனிக்குத் தூவும் உப்பு தெறிக்கும். முடிந்தால் தள்ளி வையுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது நல்ல நீரால் துடைப்பது நல்லது. கிரில்லைக் கராஜுக்குள் கொண்டுபோனாலும் புரோபேன் சிலிண்டரைக் கழற்றி வெளியிலேயே நிறுத்தி வையுங்கள். வீட்டுக்குள்ளோ கராஜிலோ வைக்கக் கூடாது.

படி 9: மறுபடி பற்ற வைக்கும் முன்

துடைக்கும்போது ஹோஸ் அசைந்திருக்கலாம். மிச்சமிருக்கும் சோப்பு நீரை ஹோஸிலும் ரெகுலேட்டர் இணைப்பிலும் தடவுங்கள். குமிழ்களெல்லாம் அணைந்திருக்க, சிலிண்டர் வால்வை மட்டும் மெதுவாகத் திறங்கள். நுரை பொங்கிக்கொண்டே இருந்தால் அங்கே கேஸ் கசிகிறது. உடனே வால்வை மூடி இணைப்பை இறுக்கிப் பாருங்கள், நிற்கவில்லை என்றால் ஹோஸை மாற்றாமல் பற்ற வைக்க வேண்டாம். நுரை வரவில்லை என்றால் அந்த நீரையும் துடைத்துவிட்டு, மூடியைத் திறந்து வைத்தபடி பர்னரைப் பற்ற வையுங்கள்.