போப்புகள ரெண்டு கட்சியா பிரிக்காதீங்க

16ஆம் பெனடிக்ட்னா பழைய மரபு, பிரான்சிஸ்னா எல்லா சபைகளோடயும் ஒற்றுமை, இப்படி போப்புகள ரெண்டு கட்சியா பிரிச்சி சண்டை போடறதுதான் கிறிஸ்தவ ஒற்றுமைங்கற விஷயத்துல நாம பண்ற பெரிய தப்பு. 2007ல பெனடிக்ட் பழைய லத்தீன் பூசைக்குத் தாராளமா அனுமதி கொடுத்தப்ப பிஷப்புகளுக்கு ஒரு கடிதமும் எழுதினாரு, அதுல அவர் சொன்ன முக்கியமான காரணம் திருச்சபைக்குள்ள பிரிஞ்சு நிக்கறவங்களோட சமாதானம் வரணுங்கறது. 2021ல பிரான்சிஸ் அதே பூசைக்குக் கட்டுப்பாடு போட்டாரு, அவர் சொன்ன காரணமும் ஒற்றுமைதான்! நோய் ஒண்ணு, மருந்துதான் வேற. அதுமட்டுமில்ல, 2009ல ஆங்கிலிக்கன்கள் (இங்கிலாந்து திருச்சபை வழி வந்தவங்க) தங்களோட வழிபாட்டு மரபோடயே கூட்டமா கத்தோலிக்கத்துக்குள்ள வர தனி ஏற்பாடு செஞ்சது பெனடிக்ட், பழைய மரபுதான் வேணும்னு ரோமோட முரண்பட்டு நிக்கற, லெஃபெவ்ர் பேராயர் ஆரம்பிச்ச பத்தாம் பயஸ் சங்கத்து சாமியார்கள்கிட்ட பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) பண்ணினா செல்லும்னு 2015ல சொன்னது பிரான்சிஸ். இப்ப யாரை எந்தக் கட்சியில சேப்பீங்க?

அடுத்தது, பாதி டாக்குமெண்ட்ட மட்டும் படிச்சிட்டுப் பேசறது. 1928ல 11ஆம் பயஸ் சுற்றுமடல் எழுதி, கத்தோலிக்கர்கள் மத்த சபைகளோட ஒற்றுமை மாநாடுகள்ல கலந்துக்கக் கூடாது, பிரிஞ்சவங்க திரும்பி வர்றதுதான் வழின்னு தெளிவா சொன்னாரு. 1964ல ரெண்டாம் வத்திக்கான் சங்கம் (உலகத்து கத்தோலிக்க பிஷப்புகள் எல்லாம் கூடின மாநாடு), போப் ஆறாம் பவுல் காலத்துல, ஒரு டாக்குமெண்ட்ல, ஞானஸ்நானம் வாங்கின மத்தவங்களும் நம்ம சகோதரங்க, பிரிவினைக்கு ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு, ஒற்றுமை முயற்சியில கத்தோலிக்கர்களும் இறங்கணும்னு சொல்லுச்சு. ஒண்ணுமே மாறலன்னு மழுப்பறது நேர்மை இல்ல, பெரிய மாற்றம்தான் அது. ஆனா எல்லா சபையும் ஒண்ணுதான்னு வத்திக்கான் சங்கம் சொல்லிடுச்சுன்னு பேசறதும் தப்பு, ஏன்னா மீட்புக்கான வழிகளோட முழுமை கத்தோலிக்கத் திருச்சபையிலதான் கிடைக்கும்னும் ஒற்றுமைக்காக விசுவாசத்த நீர்த்துப்போக விடக்கூடாதுன்னும் அதே டாக்குமெண்ட்ல இருக்கு, தயவுசெஞ்சு முழுசா படிங்க.

இன்னொண்ணு, சபை விலக்கு (சபையோட ஐக்கியத்துல இருந்து தள்ளி வைக்கற தண்டனை) நீங்கினதையும் முழு ஐக்கியத்தையும் ஒண்ணாக் குழப்பிக்கறது. 1965 டிசம்பர் 7ல ஆறாம் பவுலும் ஆர்த்தடாக்ஸ் சபையோட கான்ஸ்டான்டிநோபிள் பிதாப்பிதா அத்தனகோராஸும், 1054ல ரெண்டு சபையும் ஒருத்தர் மேல ஒருத்தர் போட்டுக்கிட்ட விலக்குகள நீக்கினாங்க, கேக்கறப்பவே மனசு நெகிழுது, ஆனா இன்னைக்கு வரைக்கும் ரெண்டு சபையும் ஒரே பீடத்துல சேர்ந்து பூசை வைக்கறதில்ல. 2009லயும் இதே கதைதான். பத்தாம் பயஸ் சங்கத்துல 1988ல போப் அனுமதி இல்லாம அபிஷேகம் ஆன 4 பிஷப்புகளோட விலக்க பெனடிக்ட் எடுத்தாரு, உடனே அந்தச் சங்கமே திரும்ப சேந்துடுச்சுன்னு பலர் நம்பினாங்க. தண்டனை நீங்கினது அந்த 4 பேருக்கு, சங்கத்துக்குத் திருச்சபையில சட்டப்படி எந்த அந்தஸ்தும் இன்னும் இல்லன்னு அந்த மார்ச் மாசமே அவரே கடிதம் எழுதி விளக்க வேண்டியதாப் போச்சு.

போட்டோவப் பாத்து முடிவு பண்றதும் வேண்டாம். 2016ல ஸ்வீடன்ல இருக்கற லுண்ட்ல பிரான்சிஸ் லூத்தரன்களோட (மார்ட்டின் லூத்தர் வழி வந்த சபையினர்) சேர்ந்து ஜெபம் பண்ணினாரு, நற்கருணைய சேர்ந்து வாங்கல. அதே சமயம் வெறும் போட்டோதானேன்னு தள்ளிடவும் கூடாது. ஆங்கிலிக்கன் குருத்துவம் செல்லாதுன்னு 1896ல 13ஆம் லியோ சொன்னது இன்னும் ரத்தாகல, அப்படி இருந்தும் 1966ல ஆறாம் பவுல் தன் விரல்ல இருந்த மோதிரத்தக் கழட்டி ஆங்கிலிக்கன்களோட தலைமைப் பேராயரான கான்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சேக்குக் கொடுத்தாரு. ராம்சேக்கப்புறம் வந்த கான்டர்பரி பேராயர்கள் போப்பப் பாக்க ரோமுக்குப் போறப்ப அந்த மோதிரத்தப் போட்டுக்கிட்டுப் போயிருக்காங்க.