யூரிக் அமிலத்தை 6-க்குக் கீழே கொண்டுவருவது எப்படி?

யூரிக் அமிலம் படிகங்களாக மூட்டில் படிவதால் வரும் கவுட் மூட்டுவாதத்தில் வலியை அடக்குவது ஒரு வேலை. இரத்தத்தில் உள்ள யூரிக் அமிலத்தைக் குறைப்பது வேறொரு வேலை. முதல் வேலை முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுவதால்தான் பலருக்கு இந்நோய் திரும்பத் திரும்ப வருகிறது.

படி 1: வலியை அடக்குதல்

நள்ளிரவில் கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாதபடி வலிப்பது இதன் வழக்கமான தொடக்கம். காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியால் ஒத்தடம் கொடுங்கள். கோல்ச்சிசின், வீக்கம் குறைக்கும் வலி மாத்திரை, ஸ்டீராய்டு ஆகியவற்றுள் உங்களுக்கு எது பொருந்தும் என்பதைச் சிறுநீரகத்தின் நிலையையும் பார்த்து மருத்துவர் முடிவுசெய்வார். எதுவானாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாகக் கேட்கும். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் மூட்டுக்குள் கிருமித் தொற்று இருக்கலாம் என்பதால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

படி 2: சரியான நேரத்தில் பரிசோதித்தல்

வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் இயல்பான அளவில் இருக்கக்கூடும். அதைக் கண்டு கவுட் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். வலி தணிந்து இரண்டு வாரங்களுக்குப் பின் மறுபடி பாருங்கள். டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மி.கி. அளவைத் தாண்டினால் அமிலம் கரையாமல் ஊசி முனைப் படிகங்களாக மூட்டில் படியக்கூடும் என்பதால்தான், கவுட் உள்ளவர்களுக்கு 6-க்குக் கீழே என்று இலக்கு வைக்கிறார்கள். வலியே வராமல் அளவு மட்டும் கூடியிருப்பவர்களுக்குப் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படாது.

படி 3: உணவு

பீர் முதலிய மதுவகைகள், இனிப்பூட்டிய குளிர்பானங்கள், ஈரல், மத்தி, நெத்திலி ஆகியவற்றைக் குறையுங்கள். பருப்பையும் கீரையையும் ஒதுக்கச் சொல்வது தேவையற்ற பயமுறுத்தல். உடல் எடையைக் குறைப்பது நல்லதே, ஆனால் பட்டினி கிடந்தால் யூரிக் அமிலம் ஏறும். இந்த அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உடலுக்குள்ளேயே உருவாவதால், பத்தியத்தால் மட்டும் இலக்கை எட்டுவோர் சிலரே.

படி 4: அன்றாட மருந்து

அடிக்கடி வலி வருபவர்களுக்கும், மூட்டருகே கட்டிகள் உள்ளவர்களுக்கும் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையான அல்லோபியூரினால் தரப்படுகிறது. நாளொன்றுக்கு 100 மி.கி. அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை பரிசோதித்து, அளவு 6-க்குக் கீழே வரும்வரை மருத்துவர் படிப்படியாகக் கூட்டுவார். பழைய படிகங்கள் கரையத் தொடங்கும் முதல் சில மாதங்களில் வலி மீண்டும் வரக்கூடும். பலர் மாத்திரையைக் கைவிடுவது இங்கேதான். அது மருந்து வேலை செய்யாததன் அடையாளம் அன்று. அந்த வலியைத் தடுக்கவே மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை குறைந்த அளவு கோல்ச்சிசினும் சேர்த்துத் தருவதுண்டு. வலி வந்தாலும் அல்லோபியூரினாலைத் தொடருங்கள். தோலில் தடிப்பு தோன்றினால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுத்துவந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் அவற்றுள் சில யூரிக் அமிலத்தை ஏற்றக்கூடியவை.