தாழ்வான ஸ்போர்ட்ஸ் காருக்கு எம்ஓடி போட எந்த கராஜுக்குப் போகலாம்?

பிரிட்டனில் லோட்டஸ் எலீஸ், மஸ்டா எம்எக்ஸ்-5, பழைய போர்ஷ 911 மாதிரி கார் வைத்திருப்பவர்கள்கூட எம்ஓடி (வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று வருஷாவருஷம் கட்டாயமாகச் செய்யும் சோதனை) தேதி நெருங்கியதும் முதலில் தேடுவது, எங்கே மலிவாகப் போடுகிறார்கள் என்றுதான். வேலைக்குப் போய்வர வைத்திருக்கும் ஹேட்ச்பேக் என்றால் அது போதும். விதிகள் எல்லா இடத்திலும் ஒன்றுதான், இந்தச் சோதனையை மேற்பார்வையிடும் அரசு அமைப்பான டிவிஎஸ்ஏ கொடுத்திருக்கும் அதே கையேட்டைத்தான் எல்லா டெஸ்டரும் பின்பற்ற வேண்டும். காருக்கான உச்சக் கட்டணம் 54.85 பவுண்டு, முப்பது பவுண்டுக்குப் போடுகிற இடங்களும் உண்டு. ஆனால் தரையை ஒட்டி ஓடுகிற காரில், காரை எப்படி ஏற்றுகிறார்கள், எங்கே ஜாக் வைக்கிறார்கள் என்பதில்தான் உங்கள் பணம் போகும், மிச்சம் பிடித்த அந்த இருபது பவுண்டு அப்போது கணக்கிலேயே வராது.

எலீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சேசிஸ் அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்தது, மேலே இருக்கும் பாடி ஃபைபர். ஜாக் வைக்கவென்று அதற்குத் தனி இடங்கள் உண்டு, அதை விட்டுவிட்டு வழக்கமான காரைத் தூக்குவதுபோல கைக்கு எட்டிய இடத்தில் வைத்துத் தூக்கினால் அடித்தகடு நசுங்கும், அதைப் பழையபடி தட்டி எடுப்பதும் சுலபமில்லை. அதனால் போன் செய்யும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "என்னுடையது இன்ன மாடல், இதை எங்கே ஜாக் வைத்துத் தூக்குவீர்கள்?" தெரிந்தவர் உடனே இடத்தைச் சொல்லிவிடுவார். தெரியாதவர், ஆனால் பொறுப்பானவர், "நீங்கள் வந்து காட்டுங்கள், உங்கள் ஜாக் பேடையும் எடுத்து வாருங்கள்" என்பார், அவரையும் நான் நம்புவேன். "எல்லா காரும் ஒன்றுதானே" என்கிறவரிடம் நான் காரை விடமாட்டேன்.

அடுத்து ரேம்ப். காரை ஓட்டி ஏற்றுகிற நான்கு தூண் லிஃப்டில் ஏறும் சரிவு செங்குத்தாக இருந்தால் முன் பம்பரின் கீழ் உதடு தேய்ந்துவிடும். சில இடங்களில் நீளமான பலகைகளை முன்னால் போட்டு ஏற்றுவார்கள், லிஃப்ட் தரைக்குள்ளேயே பதித்திருந்தால் இன்னும் நல்லது. பிரேக் ரோலரும் (சக்கரத்தைச் சுழற்றி பிரேக்கைச் சோதிக்கும் உருளைகள்) அப்படித்தான், சக்கரம் ரோலர்களுக்கு நடுவே இறங்கும்போது முன் பம்பருக்கு அடியில் நீண்டிருக்கும் தாழ்வான ஸ்பிளிட்டர் முட்டும். முடிந்தால் ஒரு நாள் நேரில் போய் எட்டிப் பாருங்கள், நீலப் பலகையில் மூன்று வெள்ளை முக்கோணம் போட்டிருந்தால்தான் அது அங்கீகரிக்கப்பட்ட எம்ஓடி நிலையம்.

எஞ்சின் நான்கு சக்கரங்களையும் சுழற்றக்கூடிய கார் (ஸ்கைலைன் ஜிடி-ஆர், இம்ப்ரேசா, 911 காரேரா 4 வகையறா) வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரு ஆக்ஸில் மட்டும் சுழலும்படி ரோலரில் விட்டால் இந்த கார்களில் பலவற்றின் டிரான்ஸ்மிஷன் கெட்டுப்போகும். அதற்குப் பதிலாக டெசிலரோமீட்டர் என்ற கருவியைக் காருக்குள் வைத்து, சாலையில் ஓட்டி பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும். இங்கே பலரும் டாப்லி மீட்டர் என்றே சொல்வார்கள். "டாப்லி இருக்கிறதா, இந்த காருக்கு அதைத்தான் போடுவீர்களா" என்று புக் செய்யும்போதே கேட்டு உறுதிப்படுத்திவிடுங்கள், அங்கே போய் நின்று கேட்டால் நேரம் போதாமல் ரோலரிலேயே விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

எங்கே போடுவது என்பதற்கு என் வரிசை இதுதான். முதலில், உங்கள் மாடலுக்கென்றே வேலை செய்கிற ஸ்பெஷலிஸ்ட். பலரிடம் சொந்த எம்ஓடி பே இருக்காது, ஆனால் பக்கத்தில் தாங்கள் நம்பும் ஒரு நிலையத்துக்குக் காரை எடுத்துப்போய்ப் போட்டு வருவார்கள், அது எந்த நிலையம் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். அந்த டெஸ்டர் உங்கள் மாதிரி கார்களை அடிக்கடி பார்க்கிறவர், அதுதான் வேண்டியது. எலீஸின் பின்சக்கரத்தை இருபக்கமும் பிடித்து, மணி மூன்றும் ஒன்பதும் இருக்கிற இடத்தில், முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பார். லேசாக 'டக்' என்று ஆடினால் பின்சக்கரத்தின் திசையைப் பிடித்திருக்கும் டோ லிங்க் கம்பியின் பால் ஜாயிண்ட் தேய ஆரம்பித்திருக்கும். அது ஓட்டத்தில் முறிந்தால் பின்சக்கரம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பிவிடும், பழைய எலீஸ்களில் இது எல்லோருக்கும் தெரிந்த பலவீனம். எலீஸே பார்த்திராத டெஸ்டரும் ஆட்டத்தைக் கண்டுபிடிக்கலாம், ஆனால் எங்கே கவனமாகப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர் கண்ணிலிருந்து அது தப்பாது.

இரண்டாவது, கவுன்சில் நடத்தும் எம்ஓடி நிலையங்கள். பல ஊர்களில் இருக்கின்றன, தங்கள் வண்டிகளுக்காக வைத்திருந்தாலும் பொதுமக்களுக்கும் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ரிப்பேர் வேலையை வெளியாட்களுக்கு அவர்கள் பொதுவாகச் செய்வதில்லை, அதனால் இல்லாத குறையைச் சொல்லிக் காசு பார்க்க வேண்டிய அவசியமும் கிடையாது. ஒரே சங்கடம், வேனும் டாக்ஸியும் வந்துபோகிற இடம், தாழ்வான காருக்கு ரேம்ப் ஒத்துவருமா என்று கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். ஃபெயில் ஆனால் வேறு இடத்தில் வேலை செய்து திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கும். எனக்கு அது சம்மதமே.

புக் செய்வதற்கு முன் அரசு இணையதளத்தில் உங்கள் நம்பரைப் போட்டு எம்ஓடி வரலாற்றை ஒருமுறை முழுக்கப் படியுங்கள், இலவசம்தான். வி5சி லாக்புக்கில் உள்ள எண்ணையும் கொடுத்தால் எந்த நிலையத்தில் போட்டது என்பதும் தெரியும். பழைய எம்எக்ஸ்-5-க்கு இது ரொம்ப உதவும். அதன் சில்லின் (கதவுக்குக் கீழே ஓடும் பாடி விளிம்பு) பின்முனையிலும், இரண்டாம் தலைமுறையில் முன் சேசிஸ் ரெயிலிலும் உள்ளிருந்து துரு பிடிக்கும். ஒரு நிலையம் "துரு ஆரம்பித்திருக்கிறது" என்று அட்வைசரி (ஃபெயில் இல்லை, ஆனால் கவனித்துக்கொள்ளுங்கள் என்ற குறிப்பு) எழுதியிருக்க, மறு வருஷம் வேறொரு நிலையம் ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால், நடுவில் வெல்டிங் நடந்த பில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த இரண்டாவது நிலையத்தைத் தவிர்ப்பேன். பாஸ் ஆகிவிட்டதே என்ற நிம்மதி அந்தத் துருவைக் குறைக்காது.

மாடிஃபை செய்த கார் என்றால் போனிலேயே சொல்லிவிடுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த கேட்டலிஸ்ட்டை (புகையைச் சுத்தப்படுத்தும் கருவி) கழற்றியிருந்தால் ஃபெயில், ஏர்பேக் உள்ள ஸ்டீரிங்கை எடுத்துவிட்டு ரேஸ் ஸ்டீரிங் மாட்டியிருந்தாலும் ஃபெயில். "பரவாயில்லை, கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறேன்" என்கிற இடம் எதைக் கண்டுகொள்ளும் எதை விடும் என்று உங்களுக்கே தெரியாது, உங்கள் பிரேக்கைச் சோதிப்பதும் அதே ஆள்தான்.

தேதி விஷயத்தில், இங்கே புது நம்பர் பிளேட் மார்ச்சிலும் செப்டம்பரிலும் வருவதால் அந்த மாதங்களில் எம்ஓடி கூட்டம் அதிகம், நல்ல டெஸ்டரிடம் இடம் கிடைக்காது. முடிவதற்கு ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக இருக்கும்போதே போட்டாலும் பழைய தேதி மாறாது, அதனால் முன்கூட்டியே போய்விடுங்கள். கிளம்பும் முன் நன்றாக ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு போங்கள், குளிர்ந்த கேட்டலிஸ்ட் புகைச் சோதனையில் வீணாகத் தோற்கும்.

சோதனையைக் குறிக்கப்பட்ட இடத்தில் நின்று பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு, டெஸ்டரை இடையில் நிறுத்திப் பேசக்கூடாது, அவ்வளவுதான். பார்க்க விடமாட்டேன் என்கிற இடத்தில் புக்கே செய்யாதீர்கள்.

ஃபெயில் ஆனால் காரை அங்கேயே விட்டு ரிப்பேர் செய்து, 10 வேலைநாளுக்குள் மறுபடி சோதித்தால் கட்டணமில்லை. முடிவே தவறு என்று நினைத்தால் எதையும் கழற்றாதீர்கள், மாற்றாதீர்கள். விடி17 படிவத்தை 14 வேலைநாளுக்குள் டிவிஎஸ்ஏவுக்கு அனுப்பி மேல்முறையீடு செய்யலாம், மறுசோதனைக்கு முழுக் கட்டணமும் கட்ட வேண்டும், உங்கள் பக்கம் நியாயம் என்று முடிவானால் அதில் ஒரு பகுதியோ முழுவதுமோ திரும்ப வந்துவிடும்.