மண்டபத்து வைஃபையும் மாமாவின் அறுபதாம் கல்யாணமும்

மயிலாப்பூர் மண்டபம். அமெரிக்காவில் இருக்கும் மாமா மகளுக்காக நேரலைப் பொறுப்பு என் தலையில். "100 எம்பிபிஎஸ் லைன் சார், கவலைப்படாதீங்க" என்றார் மேனேஜர். முந்தின நாளே போய் ஸ்பீட் டெஸ்ட் போட்டேன்: டவுன்லோடு 92, அப்லோடு வெறும் 9. நேரலைக்கு வேண்டியது அப்லோடு, அதாவது இங்கிருந்து அனுப்பும் வேகம் அல்லவா! 1080பி (முழு எச்டி) படத்துக்கே 5, 6 எம்பிபிஎஸ் போய்விடும்; மிச்சத்தை விருந்தினர் போட்டோ அனுப்பியே காலி பண்ணிவிடுவார்கள்.

சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்த பாஸ்வேர்டு அட்டையை எடுத்துவிட்டேன் (அத்தைக்குக் கோபம்). ரிச்சி தெருவில் வாங்கிய 20 மீட்டர் லேன் கேபிளை ரௌட்டரிலிருந்து ஜமுக்காளத்துக்கு அடியில் லேப்டாப்புவரை இழுத்தேன். படத்தின் தெளிவை 720பிக்கு இறக்கி, 3 எம்பிபிஎஸ்ஸில் விட்டேன்.

மாங்கல்ய தாரணம்வரை ஒரு தடவைகூடப் படம் நிற்கவில்லை. நாதஸ்வரச் சத்தம்தான் பிளந்தது. மைக்கைத் தள்ளி வைத்திருக்கலாம்.