வீட்டுப் பாதுகாப்புக்கு ஷாட்கன்: முதன்முறை வாங்குபவர்களுக்கு

ஷாட்கன்னுக்குக் குறியே பார்க்க வேண்டாம், திசையைக் காட்டினால் போதும் என்று சொல்பவர்களை நம்பி வாங்கக் கிளம்பாதீர்கள். இதன் தோட்டாவில் பல சிறு உருண்டைகள், அதாவது ரவைகள், இருக்கும். ஓர் அறையின் நீளத்துக்குள் அவை பெரும்பாலும் கையகலத்துக்கு மேல் விரிவதில்லை. குறி தவறினால் அத்தனையும் சேர்ந்தே தவறும்.

முதல் வேலை உரிமம். துப்பாக்கியை வீட்டில் எப்படிப் பூட்டி வைக்க வேண்டும் என்பதற்கும் உங்கள் நாட்டில் சட்டம் இருக்கலாம், அதையும் படித்துவிடுங்கள்.

அடுத்தது கேஜ், அதாவது குழலின் அளவைக் குறிக்கும் எண். எண் கூடினால் குழல் சிறுக்கும்: 12 கேஜின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ., 20 கேஜுக்கு 15.6 மி.மீ. 12 கேஜ் தோளில் பலமாக உதைக்கும். உதைக்குப் பயந்து பயிற்சியைத் தள்ளிப்போடுபவருக்கு 20 கேஜே மேல். இரண்டையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள். 20 கேஜ் தோட்டா தவறிப்போய் 12 கேஜ் குழலில் விழுந்தால் உள்ளே சறுக்கிச் சென்று சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று நினைத்து 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துவிடும். 20 கேஜ் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பது இதற்காகத்தான்.

இரட்டைக்குழல் எளிமையானது, ஆனால் இரண்டே தோட்டாதான். பம்ப் வகையில் முன்பிடியைக் கடைசிவரை இழுத்துக் கடைசிவரை தள்ள வேண்டும். பதற்றத்தில் பாதியில் நிறுத்தினால் அடுத்த தோட்டா ஏறாது. சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக்கில் அந்தத் தொல்லை இல்லை, விலைதான் அதிகம்.

கடையில், துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, முழங்கையை மடக்கிக் கட்டையின் (தோளில் பதியும் பின்பகுதியின்) அடிப்பகுதியை மடிப்பில் வைத்துப் பாருங்கள். விரலின் முதல் கணு விசையை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் அந்தக் கட்டை உங்களுக்கு நீளம்.

தோட்டாவில், பறவை வேட்டைக்கான பொடி ரவை போதிய ஆழம் இறங்காது. 00 பக்‌ஷாட் என்ற பெரிய ரவைத் தோட்டா ஒன்றில் வழக்கமாக 9 ரவைகள், ஒவ்வொன்றும் சுமார் 8.4 மி.மீ. அவை உள்சுவரின் மெல்லிய பலகைகளைத் துளைத்து அடுத்த அறைக்குப் போய்விடும். ஆகவே எந்தச் சுவருக்குப் பின்னால் யார் தூங்குகிறார்கள் என்று பகலிலேயே நடந்து பார்த்து, எந்தத் திசையில் ஒருபோதும் சுடக்கூடாது என்று முடிவுசெய்யுங்கள். இருட்டில் தெரியும் உருவம் தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் மகனாகவும் இருக்கலாம். விளக்கைப் போட்டு ஆளை அடையாளம் காணும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். குழல் தரையை நோக்கட்டும்.

வைப்பது பூட்டிய பெட்டியில்தான். குழலின் பின்முனையில், சுடுவதற்குத் தயாராகத் தோட்டா உட்காரும் இடம் காலியாகவே இருக்கட்டும். பல பம்ப் துப்பாக்கிகளில் பாதுகாப்புப் பொத்தான் விசையை மட்டுமே தடுக்கும். கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே வெடிக்கக்கூடும்.

வீட்டில் ஏற்றி இறக்கிப் பழகப் போலித் தோட்டா போதும். அப்போது அசல் தோட்டா வேறு அறையில் இருக்கட்டும். சுடுதளத்தில் காதுமூடியும் கண்ணாடியும் கட்டாயம். அங்கே முதலில், உங்கள் வீட்டின் மிக நீண்ட தூரத்தை அளந்து அதே தூரத்தில் காகிதத்தை நிறுத்திச் சுடுங்கள். ரவைகள் எவ்வளவு விரிகின்றன என்பதைக் காகிதமே காட்டும். தோட்டாவின் வகையை மாற்றினால் இதை மறுபடியும் செய்ய வேண்டும்.