மாறுதிசை மின்சுற்றுக் கணக்கில் அலகுகளைக் கையாளும் முறை

மாறுதிசை மின்சுற்றுக் கணக்குகளைத் திருத்தும்போது நான் அதிகம் காண்பது சூத்திரப் பிழையை அல்ல, அலகுப் பிழையையே. ஆகவே எந்தச் சூத்திரத்தையும் தொடுவதற்கு முன், கொடுக்கப்பட்ட அளவுகள் அனைத்தையும் அடிப்படை அலகுக்கு மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும்.

230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கலுடன் 30 ஓம் மின்தடையும் 127 மில்லிஹென்றி மின்தூண்டியும் தொடராக இணைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். 127 மில்லிஹென்றியை 0.127 ஹென்றி என்று மாற்றிய பிறகே 2 × 3.1416 × 50 × 0.127 எனப் பெருக்க வேண்டும். மின்மறுப்பு, அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கு மின்தூண்டி காட்டும் எதிர்ப்பு, ஏறத்தாழ 40 ஓம் எனக் கிடைக்கும். மாற்றாமல் 127 என்றே இட்டால் அது 40,000 ஓம் ஆகிவிடும், சுற்றில் 6 மில்லிஆம்பியர்கூடப் பாயாது என்று கணக்கு சொல்லும்.

ஹென்றியையும் ஹெர்ட்ஸையும் பெருக்கினால் ஓம் வருவது எப்படி என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஹென்றி என்பது ஓர் ஆம்பியருக்கு இத்தனை வோல்ட்-வினாடி என்பதைக் குறிக்கிறது. ஹெர்ட்ஸ் என்பது வினாடியின் தலைகீழி. பெருக்கும்போது வினாடி நீங்கி, ஆம்பியருக்கு வோல்ட், அதாவது ஓம், எஞ்சுகிறது.

இனிதான் மிகுந்த கவனம் தேவை. மின்தடை, மின்மறுப்பு இரண்டுக்கும் அலகு ஓம்தான் என்பதால் 30, 40 ஆகியவற்றைக் கூட்டி 70 என எழுதக் கூடாது. மின்தூண்டியின் மின்னழுத்தம் மின்னோட்டத்தைவிட 90 பாகை முந்துவதால், இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டு, இருமடிகளின் கூட்டுத்தொகைக்கு வர்க்கமூலம் காண வேண்டும். இப்படிக் கிடைக்கும் சுற்றின் மொத்த எதிர்ப்பான மின்னெதிர்ப்பு 50 ஓம், 230-ஐ அதனால் வகுத்து வரும் மின்னோட்டம் 4.6 ஆம்பியர்.

திறனுக்கும் இதே முக்கோணம் பொருந்தும். மின்தடையில் வெப்பமாகும் 634.8 வாட் உண்மைத் திறன். மின்தூண்டிக்கும் மின்வழங்கலுக்கும் இடையே போய்த் திரும்பும் 846.4 வார் (எதிர்வினை வோல்ட்-ஆம்பியர்) எதிர்வினைத் திறன், 230-ஐ 4.6-ஆல் பெருக்கி வரும் 1058 வோல்ட்-ஆம்பியர் தோற்றத் திறன். பரிமாணத்தால் மூன்றும் ஒன்றே என்றாலும், எது எந்தத் திறன் என்பதை அலகின் பெயரே காட்டுவதால், மூன்றுக்கும் வாட் என்றே எழுதுவதை நான் ஏற்பதில்லை. முதலாவதை மூன்றாவதால் வகுத்தால் திறன் காரணி 0.6, அதற்கு அலகு கிடையாது.

அந்த 846.4 வாரை ஈடுசெய்ய, மின்வழங்கலுக்கு இணையாக ஏறத்தாழ 51 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை இணைத்தால், வழங்கலிலிருந்து பெறும் மின்னோட்டம் 2.76 ஆம்பியராகக் குறையும். ஆனால் 230 வோல்ட் என்பது ஆர்.எம்.எஸ். மதிப்பு (மின்தடையில் அதே வெப்பத்தைத் தரும் நேர்திசை மின்னழுத்தத்தின் அளவு), அதன் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். எனவே 250 வோல்ட் நேர்திசை மின்னழுத்தத்துக்கென்று குறிக்கப்பட்ட மின்தேக்கியை இங்கு இணைக்கக் கூடாது. மாறுதிசைப் பயன்பாட்டுக்கென்றே வோல்ட் அளவு குறிக்கப்பட்டதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.